திங்கட்கிழமை நடத்திய மாதிரிப் பாடம்

இந்தப் பக்கத்தில் களியை மெல்லக் கூடாது. உருண்டையிலிருந்து கிள்ளி, குழம்பில் தோய்த்து, நாக்கில் வைத்த மாத்திரத்தில் விழுங்கிவிட வேண்டும். நான் வந்து இத்தனை காலம் ஆகியும் மென்றுகொண்டுதான் இருக்கிறேன். பக்கத்து வீட்டு முனியம்மா எனக்குக் களி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் தின்பதைக் கூத்துப் பார்ப்பதுபோல் நின்று பார்ப்பாள். "டீச்சரம்மா, அது இன்னா வெத்தலையா? போட்டு மென்னுகினே இருக்கிறீங்களே. முழுங்குங்கம்மா, வயித்துக்குப் போயி அது பாட்டுக்கு வேலை பாக்கும்." பல் எதற்கு இருக்கிறது என்று கேட்டால், கரும்பு கடிக்க என்பாள். அவள் சொல்வது சரிதான். மென்றால் கேழ்வரகு பல்லிடுக்கெல்லாம் அப்பிக்கொள்கிறது. ஆனாலும் சோறு தின்று வளர்ந்த வாய்க்கு விழுங்கத் தெரியவில்லை. விக்கிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

தெற்கே தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்கள், ஏதோ சிங்கப்பூர், பர்மா என்று நினைத்துவிட வேண்டாம். நான் கடல் தாண்டவில்லை. சேலம் ஜில்லாவின் மேற்கு மூலையில், ஓசூரையும் தேன்கனிக்கோட்டையையும் தளியையும் தாண்டி, காடு தொடங்கும் இடத்தில் இருக்கிற ஜவளகிரியில் இருக்கிறேன். இங்கேயும் நம் ராஜ்யம்தான், நம் சட்டம்தான். ஆனால் பங்குனியிலும் விடிகாலையில் கம்பளி வேண்டும். பால் ஊற்றுகிறவர் என்னிடம் தமிழில் பேசிவிட்டு, மாட்டைக் கன்னடத்தில் அதட்டிவிட்டு, வீட்டுக்காரியைத் தெலுங்கில் கூப்பிடுவார். நான் வந்தது, ராஜ்யங்களின் எல்லையை எங்கே போடுவது என்று பெரியவர்கள் எங்கோ உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த காலம். இங்கே அவரவர் வாயில் மூன்றும் கலந்து கிடந்தன. பர்மாவுக்குப் போனவர்களாவது கப்பல் ஏறும்போதே வேறு தேசத்துக்குப் போகிறோம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு போயிருப்பார்கள். எனக்கு அந்த வசதியும் இல்லாமல் போயிற்று.

நான் ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் காய்ச்சலில் போனபோது என் மகள் கோமதிக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளை கிடையாது. கோமதியை அவர்கள் தாங்கிய தாங்கலைப் பார்த்து ஊரே கண் வைத்தது. நான் எட்டாம் வகுப்புப் பரீட்சை தேறியவள். வீட்டில் சும்மா உட்கார்ந்து அண்ணன் சோற்றைத் தின்ன எனக்கு மனசில்லை. அப்போதுதான் வடக்கே எல்லைப்புறப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. பயிற்சிப் பள்ளி விடுதியில் தங்கிப் படிப்பதுபோல் அல்ல இது. நேராகக் கிராமத்துப் பள்ளியில் போட்டுவிடுவார்கள். அங்கேயே பாடம் நடத்திக்கொண்டு, தலைமையாசிரியர் மேற்பார்வையில் பழக வேண்டும். மாதத்தில் சில சனிக்கிழமைகளில் மத்திகிரியில் வகுப்பு. இரண்டு வருடம் முடிந்ததும் அதிகாரி ஒருவர் வந்து மாதிரிப் பாடம் நடத்தச் சொல்லிப் பார்ப்பார். தேறினால் பயிற்சி பெற்ற ஆசிரியை, வேலை நிலைக்கும். தேறாவிட்டால், வேறு ஆள் கிடைக்கும்வரை நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கலாம்.

அண்ணன் ஒன்று மட்டும் சொன்னான். "நீ போயி படி, வேண்டாங்கல. சர்ட்டிபிகேட்டு கைக்கு வந்துட்டுன்னா பிள்ளையக் கூட்டிட்டுப் போ, நானே வந்து விட்டுட்டு வாரேன். வரலன்னு வையி, பெறகு அவ எங்க பிள்ளையாத்தான் வளரணும். அங்கயும் இங்கயும் இழுத்துப் பிள்ள மனசக் கொழப்பக் கூடாது." நியாயமாகத்தான் பட்டது. தேறாமல் போவேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. படிப்பில் நான் என்றைக்கும் பின்வாங்கியவள் அல்ல. சரி அண்ணே என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

மத்திகிரி வகுப்புகளை நினைத்தால் இப்போதும் மூக்கில் சாணி வாசனை அடிக்கிறது. கால்நடைப் பண்ணைக்குப் பக்கத்துப் பள்ளியில்தான் எங்களை உட்காரவைப்பார்கள். பாடம் எடுக்கிறவர் ஒரு வாக்கியம் சொல்வார், பண்ணைக் காளை ஒன்று பதில் சொல்லும். கையால் செய்யும் வேலையிலிருந்துதான் கணக்கும் விஞ்ஞானமும் மொழியும் பிறக்க வேண்டும், ஏட்டைத் திறந்து கத்துவது படிப்பாகாது என்று அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்கள் நூல் நூற்கிற தக்ளியைப் பிடித்துக்கொண்டு நூல் அறுந்து அழுதார்கள். நான் தோட்ட வேலையை எடுத்துக்கொண்டேன். உழுது பிழைக்கிற சம்சாரி வீட்டுப் பெண் நான். பாத்தி கட்டுவது, தண்ணீர் திருப்புவது, விதை ஊன்றுவது எல்லாம் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். இதில் என்னை யார் அடிக்க முடியும் என்று இருந்தது எனக்கு.

எங்கள் தலைமையாசிரியர் திம்மராயப்பா நல்ல மனுஷர். என்னைப் பயிற்றுவிக்க வேண்டியவர் அவர்தான். ஆனால் அவருக்கு வயலும் மாடும் யானை விரட்டும் கவலையும் இருந்தன. காலையில் வந்து, "நடக்கட்டும் அம்மாவரே, நீங்க கெட்டிக்காரி" என்பார். அதோடு அன்றைய மேற்பார்வை முடிந்துவிடும். கால அட்டவணை மட்டும் அவர் போட்டதுதான். அதில் தோட்ட வேலை வியாழனும் வெள்ளியும் வரும். ஏன் அந்த இரண்டு நாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசிவிட்டு என்னிடம் தமிழ் படிக்க வந்தார்கள். முதல் ஆறு மாதம் நான் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கிய பிறகுதான் ஒருவருக்கொருவர் புரிய ஆரம்பித்தது. மண்ணை அளந்து கணக்குச் சொன்னார்கள். புழுவைப் பிடித்துவந்து பெயர் கேட்டார்கள். மாதி என்று ஒரு பெண், ஊர்க் கவுடர் நிலத்தில் கூலிவேலை பார்க்கிறவரின் மகள், வரப்புப் பிடித்தால் நூல் பிடித்ததுபோல் இருக்கும். வகுப்பில் அவள்தான் எனக்கு வலது கை. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே மழை பிடித்துவிட்டது. பள்ளி ஓட்டில் ஒழுகும் இடத்துக்கு நேரே பிள்ளைகள் சட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தோட்டத்தில் அவரை கொடி ஏறியிருக்கிறது. ஒரு மூலை மட்டும் புல் மண்டிக் கிடக்கிறது. அந்த மூலையில் பிள்ளைகள் இறங்குவதில்லை. நானும் இறங்கச் சொல்வதில்லை.

அதிகாரி வரும் நாள் திங்கட்கிழமை என்று தகவல் வந்தது. தோட்டத்தில் ஒரு மூலையைப் புதிதாகத் திருத்தி, பாத்தி கட்டி, அதன் நீள அகலத்தில் கணக்கும், விதையில் விஞ்ஞானமும், வேலைப் பாட்டில் மொழியும் வருகிற மாதிரி பாடத்தைத் தயார் செய்தேன். அந்த மூலையை அதற்கென்றே கைபடாமல் வைத்திருந்தேன். முந்தின வியாழன், வெள்ளியில் வேறு பாத்தியில் ஒத்திகை பார்த்தோம். பிள்ளைகள் பாடிக்கொண்டே வெட்டினார்கள். திங்கட்கிழமை இதேபோல் செய்ய வேண்டும் என்றேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரிய மனிதர் வருகிறார் என்ற கூச்சம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கோமதியை எந்த வகுப்பில் உட்காரவைப்பது, முனியம்மா வீட்டுத் தின்பண்டம் அவளுக்குப் பிடிக்குமா, களியை அவளாவது விழுங்கிப் பழகுவாளா என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடத்தை மெழுகினேன்.

அன்றைக்குப் பிள்ளைகள் எண்ணெய் வழியத் தலைவாரி, நெற்றி நிறைய விபூதி பூசி வந்திருந்தார்கள். எனக்காக என்று நினைத்துப் பூரித்துப் போனேன். அதிகாரி சென்னைப் பக்கத்துக்காரர், மெலிந்த மனிதர், கோபக்காரராகத் தெரியவில்லை. மரத்தடியில் நாற்காலி போட்டோம். கயிறு பிடித்து நிலத்தை அளந்தார்கள், கணக்குச் சொன்னார்கள், ஒன்றுகூடத் தப்பில்லை. அவர் இரண்டு தடவை தலையாட்டியதை நான் பார்த்தேன். பிறகு, "எல்லோரும் மண்வெட்டியை எடுங்க" என்றேன். ஒருவரும் எடுக்கவில்லை.

மறுபடி சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். "மாதி, நீ எடு" என்றேன். அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டு வாய்க்குள்ளேயே, "பேட அம்மாவரே, இவத்து சோமவார" என்றாள். வேண்டாம், இன்றைக்குத் திங்கட்கிழமை என்கிறாள். அது எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று புரிந்தது, திங்கட்கிழமை என்றும் புரிந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் புரியவில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே, "என்னம்மா, கை வலிக்குதாமா பிள்ளைங்களுக்கு?" என்றார். செய்து காட்டினால் பின்னாலேயே செய்வார்கள் என்று மத்திகிரியில் படித்தது ஞாபகம் வந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்து ஓங்கி ஒரு வெட்டு வெட்டினேன். நல்ல வெட்டு அது. என் அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

பிள்ளைகள் அப்படியே பின்வாங்கினார்கள். சின்னது ஒன்று வீரிட்டு அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடியது. அந்த அழுகையைக் கேட்டு வேலிப்பக்கம் ஆட்கள் வந்து நின்றார்கள். அதிகாரிக்குக் காப்பி கொண்டுவரப் போயிருந்த திம்மராயப்பா லோட்டாவும் கையுமாக ஓடிவந்தார். "அய்யய்யோ அம்மாவரே, என்னா பண்ட்டீங்க! சோமாரத்துல மண்ணுல இரும்பு வெக்கலாமா?" அப்புறம்தான் அவர் விளக்கினார். திங்கட்கிழமை பசவனுடைய, அதாவது நந்தியுடைய நாள். அன்றைக்கு மாட்டை ஏரில் பூட்டமாட்டார்கள். மாட்டுக்கு ஓய்வு என்றால் மண்ணுக்கும் ஓய்வு. கலப்பையோ மண்வெட்டியோ படக் கூடாது. திங்கட்கிழமைகளில் மாடுகள் குளித்துக் குங்குமம் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் எங்கோ சந்தை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அவர் என்னை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தார். "நீங்களும் பயிர்த்தொழில் பண்றவங்க ஊட்டுப் பொண்ணுன்னு சொன்னீங்களே. சோமாரம்னா யாருக்குத் தெரியாது?" என்றார். தெற்கே எல்லாக் கிழமையும் ஏர் பூட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. சூரியன் உதிக்கும் என்று யாராவது யாருக்காவது சொல்லிவைப்பார்களா என்பதுபோல் நின்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லாமல் போனது.

அதிகாரியிடம் நான் கெஞ்சினேன். வேறு பாடம் நடத்துகிறேன், நாளைக்கே இதே பாடத்தை நடத்துகிறேன் என்றேன். மூடநம்பிக்கைக்காக ஒரு பாடம் கெட்டுப்போகலாமா என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அதற்குத் திம்மராயப்பாதான் பதில் சொன்னார். "அந்தப் பொண்ணு அப்பன் கவுடர்கிட்ட கூலிக்கு நிக்கிறவன் சார். இன்னிக்கி இவ மண்ண வெட்டினா நாளைக்கி அவனுக்கு ஏரு புடிக்க யாரு சொல்லுவாங்க?" அதிகாரி மாதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, டவுன்ல இருக்கிற பயிற்சிப் பள்ளியை விட்டுட்டு உங்களை ஊருக்குள்ள கொண்டுவந்து வச்சுப் பழக்குறது எதுக்கு? ஊரைத் தெரிஞ்சுக்கத்தானே? ரெண்டு வருஷம் இருந்திருக்கீங்களே" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பாடம் நன்றாகத் தயாரித்திருந்தேன் என்றும் சொன்னார். பயிற்சி நிறைவு பெறவில்லை, அடுத்த வாய்ப்பு வரும்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அந்த அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் என்னை இன்னும் தின்கிறது.

ஊர்க்காரர்கள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதிர்த்துப் பேசியாவது ஆறியிருப்பேன். சாயங்காலம் முனியம்மா ஒரு செம்பில் பால் கொண்டுவந்து நான் வெட்டிய இடத்தில் ஊற்றிக் கும்பிட்டாள். பிறகு என் வீட்டு வாசலுக்கு வந்து, "தெரியாம பண்ணதுக்கு சாமி கோச்சிக்காது. எழுந்து சாப்பிடுங்கம்மா" என்று வழக்கம்போல் களி உருண்டையை வைத்தாள். கோமதியைப் பற்றி அவளுக்குத் தெரியும். அதனால் அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். அந்தத் தடவை நான் மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனேன். என்னைப்போல் வடக்கே வந்துவிட்டவர்களுக்கெல்லாம் இது தெரியும். ரயிலில் நம் ஊர்த் தமிழ் காதில் விழ ஆரம்பித்ததும் எத்தனை பெரிய துக்கத்திலும் உடம்பு லேசாகும். எனக்கும் ஆயிற்று, வீட்டு வாசல் வரைக்கும். கோமதி ஓடிவந்து, "அம்மா, ஓசூரு அம்மா வந்துட்டா" என்று உள்ளே பார்த்துக் கூவினாள். உள்ளேயிருந்து மதினி வந்தாள். பிள்ளை நன்றாக வளர்ந்திருந்தாள், கன்னம் கொழுகொழுவென்று. அண்ணனை அப்பா என்றுதான் கூப்பிட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஒம்பிள்ளய நான் பறிக்கேன்னு நெனச்சிராத" என்றான் அண்ணன். அவன் கண் கலங்கியிருந்தது. "வர்ற விசயதசமிக்குப் பள்ளிக்கூடத்துல சேக்கணும். ரெண்டு அம்மான்னா பிள்ள யாரன்னு நிக்கும்? நாலு பிள்ளைக நாலு சொல்லும்."

மதினி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே, "என்னன்னு கூப்பிடணும்னு அவளே பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கட்டும். நாம சொன்னா நல்லாருக்காது" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு ஒரு மரியாதை தருவதாகத்தான் அவள் நினைத்தாள்.

இன்னொரு வருடம் பொறுத்துப் பார் அண்ணே என்று நான் கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? யானை இறங்குகிற ஊரில், எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லிவிடக்கூடிய வேலையில், பிள்ளையை எங்கே வைத்துக்கொள்வேன்? கிளம்புகிற அன்றைக்குக் காலையில் கோமதிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே தொடங்கினேன். தெரிந்ததைக் கேட்டுத் தெரியாததற்குக் கொண்டுபோக வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த முறை அதுதான், வேறு முறை எனக்குத் தெரியாது.

"எதுத்த வீட்டு லெச்சுமி இருக்கால்லா, அவ அப்பாவுக்குத் தங்கச்சி வந்தா அவ என்னன்னு கூப்பிடுவா?"

"அத்தைன்னு."

"நான் யாருக்குத் தங்கச்சி?"

"அப்பாக்கு."

"அப்ப நான் உனக்கு யாரு?"

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பின்னல் என் கையிலிருந்து நழுவியது. விடையை நான் எடுத்துக்கொடுக்கவில்லை, பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை ஆசிரியை பொறுமையாக இருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்தாள். "அத்தை" என்றாள். என்னை மடக்கப் பார்த்தாயா என்பதுபோல் சிரித்தாள்.

பஸ் நிற்கிற இடத்துக்கு மூன்று பேரும் வந்தார்கள். கோமதி அவர்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள், என் கையில் பை இருந்தது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்ததும் அவள் இரண்டடி முன்னால் ஓடிவந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அத்தை, போயிட்டு வா" என்று கத்தினாள். கத்திவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். வகுப்பில் செய்வதுபோல் அவளைப் பார்த்துத் தலையாட்டினேன்.